கோழிக் கொட்டகையின் அபாய மணி



திருவாரூரில் அரசிருந்த மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைக் கட்டிவைத்திருந்தான் என்ற கதையை நீங்கள் தொடக்கப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் எழுந்து வந்தான். வாயில்லாப் பிராணியின் துயரத்தை மனிதனின் செவிக்குக் கொண்டுசேர்த்த கருவி அந்த மணி.

அக்கதையில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. முதல் நாள் இரவே அந்தக் கயிறு இற்று அறுந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பசு வந்திருக்கும், மணி ஒலித்திராது. மன்னனோ நாட்டில் குறையொன்றும் இல்லை என்று எண்ணி நிம்மதியாக உறங்கியிருப்பான். குறையில்லாத நாட்டிலும் மணி ஒலிப்பதில்லை. கயிறு அறுந்த நாட்டிலும் மணி ஒலிப்பதில்லை. இவ்விரண்டு மௌனங்களையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? இதுவே இன்றைய பேச்சின் பொருள். இதை விளக்குவதற்கு, கொங்கு நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் காணப்படும் இறைச்சிக் கோழிப் பண்ணை ஒன்றின் கொட்டகைக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

பழைய காலத்துக் கோழிக் கொட்டகை இருபுறமும் கம்பிவலை அடித்துத் திறந்திருக்கும். காற்று தானே வரும்; தானே போகும். இப்பொழுது மூடிய கொட்டகைகளும் கட்டப்படுகின்றன. ஒரு கோடியில் பெரிய மின்விசிறிகள் காற்றை வெளியே இழுக்கின்றன. மறு கோடியில் நீர் சொட்டும் அட்டைத் தடுப்புகள் இருக்கின்றன. பண்ணையாளர்கள் இவற்றைக் ‘கூலிங் பேட்’ என்பார்கள். உள்ளே வரும் காற்று அவற்றின் ஈரத்தில் நுழைந்து குளிர்கிறது. கோடைக்காலத்திலும் உள்ளே தென்றல் போன்ற காற்று வீசும். அக்காற்று முழுவதும் மின்சாரத்தால் உண்டாவது என்பதை மட்டும் நாம் மறந்துவிடக்கூடாது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி மிகுதி. வெப்பம் மிகும்போது அது வாயைத் திறந்து இளைக்கும். மூச்சுடன் வெளியேறும் நீராவியே அதன் வியர்வை. சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். உடல் வெப்பம் 46, 47 டிகிரியை எட்டினால் கோழி பிழைப்பது அரிது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கோழி தன் உடலிலிருந்து குறைந்தது 10 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு கொட்டகையில் பதினாயிரம் கோழிகள் இருந்தால் மொத்தம் எவ்வளவு? ஒரு லட்சம் வாட். அதாவது, 1000 வாட் மின்னடுப்புகள் நூற்றை ஒரே கூரையின் கீழ் எரியவிட்டதற்கு அது சமம். விசிறிகள் ஓடும்வரை இந்த வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. விசிறிகள் நின்றால், ஈரம் கனத்த அசையாத காற்றில் அது தேங்கிவிடுகிறது. சித்திரை மாதத்துப் பிற்பகலில், வளர்ந்த கோழிகள் நிறைந்த கொட்டகையில், அரை மணி நேரத்திற்குள்ளேயே சாவு தொடங்கக்கூடும். ஏறத்தாழ நாற்பது நாள் கண்விழித்து வளர்த்த உழைப்பு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் போய்விடும். ஆகவேதான் இத்தகைய கொட்டகைகளுக்கு மின்சாரம் நின்றாலும் வெப்பநிலை மாறினாலும் கூவி அழைக்கும் அபாய மணி இன்றியமையாததாகிறது.

எனக்குத் தெரிந்த பண்ணை ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அங்கே அபாய மணி இருந்தது; மின்சாரம் நின்றால் ஒலிக்கும் என்று சொல்லித்தான் பொருத்தியிருந்தார்கள். விசிறிகளை ஓட்டுவது மும்முனை மின்சாரம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருநாள் நண்பகலில் அம்மூன்று முனைகளில் ஒன்று மட்டும் போயிற்று. மோட்டார்கள் முனகிச் சூடேறின. அவற்றின் பாதுகாப்புக் கருவிகள் செயற்பட, ஒவ்வொன்றாக நின்றன. அபாய மணி இணைக்கப்பட்டிருந்ததோ மற்றொரு முனையில். அதன் கணக்கில் மின்சாரம் இருந்தது. வீட்டுத் திண்ணையில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பண்ணையாளர் உணவருந்தி எழுந்து கொட்டகைக்குப் போனபோது, மிஞ்சியிருந்த கோழிகள் கழுத்தை நீட்டி இளைத்துக்கொண்டிருந்தன. மற்றவை எண்ணிப் புதைப்பதற்குக் கிடந்தன. மணி இருந்தது. ஆனால் அது கேட்க வேண்டிய செய்தியைக் கேட்கும் இடத்தில் இல்லை.

இதிலிருந்து பொருத்தும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, அபாய மணிக்குத் தனி உயிர் வேண்டும். எந்த மின்சாரத்தின் சாவை அது அறிவிக்க வேண்டுமோ, அந்த மின்சாரத்திலேயே அது வாழக்கூடாது. ஆகவே சைரனுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மணி இரண்டு சாட்சிகளைக் கேட்க வேண்டும். ஒன்று மின்சாரம், மற்றொன்று வெப்பநிலை. மின்சாரச் சாட்சி விரைந்து சொல்லும். ஆனால் விசிறியின் பட்டை அறுந்தாலோ மோட்டார் எரிந்தாலோ அதற்குத் தெரியாது. வெப்பநிலைச் சாட்சி எந்தக் காரணத்தால் கேடு வந்தாலும் சொல்லும். ஆனால் சற்றுத் தாமதமாகச் சொல்லும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. மின்சாரத்தைக் கவனிக்கும் கருவி மூன்று முனைகளையும் கவனிக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், இழந்த முனையில் தானே ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும். எளிய ரிலே அதைக் கண்டு ஏமாந்துபோகலாம். மூன்று முனைகளின் சமநிலையையே அளந்து பார்க்கும் ரிலேக்கள் கடையில் கிடைக்கின்றன, அவையே தக்கவை.

மூன்றாவது விதிதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. மணியின் கம்பிச்சுற்றில் மின்னோட்டம் இருப்பது நலத்திற்கு அடையாளமாகவும், மின்னோட்டம் நிற்பது அபாயத்திற்கு அடையாளமாகவும் அமைய வேண்டும்.

வீட்டு வாயில் மணியை நினைத்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் சுற்று மூடுகிறது, மின்சாரம் பாய்கிறது, மணி ஒலிக்கிறது. கம்பி எங்கேனும் அறுந்திருந்தால் விருந்தினர் எவ்வளவு அழுத்தினாலும் மணி ஊமையே. நம் ஆராய்ச்சி மணியும் அவ்வகையினது. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சிறிய மின்னோட்டம் கொட்டகை முழுவதும் சுற்றிவந்து, ஒரு ரிலேயின் மின்காந்தத்தை இடைவிடாமல் இயக்கிக்கொண்டிருக்கட்டும். அம்மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை சைரன் வாய்மூடியிருக்கும். வெப்பநிலை வரம்பு மீறினால் அங்குள்ள கருவி அந்தச் சுற்றைத் திறக்கிறது. காந்தம் பிடியை விடுகிறது. வில்கம்பி தகட்டை இழுக்க, சைரன் அலறுகிறது. இப்பொழுது கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? மின்னோட்டம் நிற்கிறது, சைரன் அலறுகிறது. கயிறு அறுந்தாலே ஒலிக்கும் மணியை நாம் செய்துவிட்டோம்!

இது புதிய எண்ணமன்று. 1872ஆம் ஆண்டில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், ரயில் தண்டவாளங்களையே மின்சுற்றாக்கி இம்முறையைக் கையாண்டார். தண்டவாளத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால்தான் பாதை காலி என்று கைகாட்டி சொல்லும். ரயிலின் இரும்புச் சக்கரங்கள் ஏறியதும் மின்னோட்டம் அவற்றின் வழியே திசைமாறிப் போய்விட, ரிலே பிடியை விட்டு அபாயக் குறி காட்டும். தண்டவாளம் உடைந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதே அபாயக் குறிதான். கருவி கெட்டால் ரயில் வீணாக நிற்கும், மோதாது. கெடும்போதும் நன்மையின் பக்கமே சாய்ந்து கெடும்படி ஒரு பொருளை அமைப்பது மிகச் சிறந்த பொறியியல் எண்ணங்களுள் ஒன்றாகும்.

நான்காவது, வெப்பநிலைக் கருவியை வைக்கும் இடம். அது கோழி வாழும் உயரத்தில் தொங்க வேண்டும். மனிதன் பார்த்துப் படிக்க வசதியான உயரத்தில் அன்று. நீர்த் தடுப்பின் அருகே வைத்தால் குளிர்ந்த காற்று அதை ஏமாற்றும். வெயில் படும் சுவரில் வைத்தால் சுவரின் சூடு ஏமாற்றும். காற்று கொட்டகையைக் கடந்து வரும்போது வெப்பத்தை ஏற்றுக்கொண்டே வருவதால், விசிறிகளின் பக்கமே மிகவும் சூடான பகுதி. நடுவில் ஒன்று, விசிறிப் பக்கம் ஒன்று என இரண்டு கருவிகளாவது வேண்டும். விசிறிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் உணர்கருவியையே அபாய மணிக்கும் பயன்படுத்துவது கூடாது. அது பிழையாகக் காட்டினால் விசிறியும் நிற்கும், மணியும் நிற்கும்.

ஐந்தாவது, வரம்புகள் இரண்டு வேண்டும். மேல் வரம்பு, கீழ் வரம்பு. முதல் நாள் குஞ்சுக்கு 32, 33 டிகிரி வெப்பம் தேவை. குளிர்ந்தால் அது ஒடுங்கிப்போகும். ஆகவே கீழ் வரம்பு குஞ்சைக் காக்கிறது. அதற்கு மற்றொரு பயனும் உண்டு. இக்காலக் கருவிகளில் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி வெப்பநிலையை உணர்கிறது. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். இத்தகைய இயல்பை மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டிலேயே வெள்ளி சல்ஃபைடில் கண்டறிந்தார். இனி சிந்தித்துப் பாருங்கள்: தெர்மிஸ்டரின் கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடும். கருவி அதை என்னவென்று படிக்கும்? கடுங்குளிர் என்று படிக்கும். மேல் வரம்பு மட்டும் வைத்திருந்தவர் இதை ஒருபோதும் அறியமாட்டார். கீழ் வரம்பும் வைத்திருந்தால், சித்திரை வெயிலில் “கடுங்குளிர்” என்று மணி அலறும். கம்பி அறுந்ததை அந்த முரண்பாடே காட்டிக்கொடுக்கும்.

குஞ்சு வளர வளர அதற்குத் தேவையான வெப்பம் படிப்படியாகக் குறைகிறது. ஐந்தாம் வாரத்தில் 21 முதல் 24 டிகிரி வரை போதும். ஆகவே வரம்புகளையும் வாரந்தோறும் மாற்ற வேண்டும். வெளியே 38 டிகிரி அடிக்கும் நாளில் மேல் வரம்பைக் குளிர்கால அளவிலேயே விட்டுவைத்தால் மணி நாள் முழுவதும் ஒலிக்கும். மின்தடையை அறிவிக்கவும் ஓரிரு நிமிட இடைவெளி கொடுப்பது நலம். அதற்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் வீண் கூச்சல் இராது. “புலி வருது, புலி வருது” என்று கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். அடிக்கடி பொய் சொல்லும் மணியை ஊரார் நம்பமாட்டார்கள். நம்பாததோடு நில்லாமல், ஒருநாள் எரிச்சலில் அதன் கம்பியைப் பிடுங்கியும் விடுவார்கள்.

இனி, பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். அபாய மணியின் கோளாறுகள் இரண்டே வகை. காரணமின்றி ஒலிப்பது ஒன்று; காரணமிருந்தும் ஒலிக்காதது மற்றொன்று. முன்னது தொல்லை, பின்னது பேரிழப்பு. நான் முன்பு கூறிய முறையில் அமைத்தால், இரண்டாம் வகைக் கோளாறுகளிற் பெரும்பாலானவை முதல் வகையாக மாறிவிடும். தூக்கம் கெடும்; கோழிகள் பிழைக்கும்.

காரணமின்றி ஒலிக்கும் மணியை எப்படி ஆராய்வது? “ஏன்?” என்று கேட்குமுன் “எப்பொழுது?” என்று கேளுங்கள். விடியற்காலையில் மட்டும் ஒலிக்கிறதா? பனி ஈரம் இணைப்புகளில் இறங்குகிறது. பிற்பகலில் மட்டுமா? உணர்கருவியின்மேல் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விசிறி தொடங்கும் கணத்திலா? உணர்கருவியின் மெல்லிய கம்பி, மோட்டாரின் மின்கம்பியை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கலாம். அல்லது அதிர்வில் ஆடும் தளர்ந்த திருகாணி இருக்கலாம். ஒரு குறிப்பேட்டில் நாளையும் நேரத்தையும் எழுதிவந்தால் பாதிக் கோளாறு தானே பிடிபடும்.

அடுத்து, இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சைரன் பெட்டியிலேயே, வெளியே செல்லும் சுற்றின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஒலி நின்றால் கோளாறு வெளியே, நிற்காவிட்டால் பெட்டிக்குள்ளே. வெளியே என்றால், 400 அடிக் கொட்டகையை அடி அடியாகத் தேட வேண்டுவதில்லை. நடுவிலுள்ள இணைப்புப் பெட்டிக்குப் போய், போகும் கம்பியையும் வரும் கம்பியையும் அதே போல் இணையுங்கள். ஒலி நின்றால் அறுந்த இடம் அதற்கு அப்பால்; நிற்காவிட்டால் இப்பால். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. எட்டுப் பகுதிகளாக இருந்தால் மூன்றே சோதனைகளில் இடம் தெரிந்துவிடும். இரண்டின் மூன்றாம் அடுக்கு எட்டு என்று நீங்கள் கணக்கில் படித்தது இங்கே உதவுகிறது. வேலை முடிந்ததும் சோதனைக்கு இட்ட இணைப்புக் கம்பியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். அதை அங்கேயே விட்டுவிட்டால், அதற்கு அப்பால் உள்ள கருவிகள் எதைச் சொன்னாலும் மணியின் காதில் விழாது.

கொட்டகைக்குள் கம்பிகளுக்குப் பகைவர்கள் பலர். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, செம்பை அரித்துப் பச்சையாக்கும். தீவனத் தூசி உணர்கருவியின்மேல் கம்பளிபோல் படிந்து அதை மந்தமாக்கும். பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் குடியேறும். ஆகவே பெட்டிகள் நன்கு மூடியிருக்க வேண்டும். கம்பிகள் கீழ்ப்புறமாகவே உள்ளே நுழைய வேண்டும். உணர்கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஐயம் எழுந்தால், தூளாக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் அதை நனைந்து கெடாதபடி உறையிட்டு அமிழ்த்துங்கள். அது 0 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைதான் இது.

இரண்டாம் வகைக்கு வருவோம். ஒலிக்க வேண்டியபோது ஒலிக்காத மணியில் முதற்குற்றவாளி பெரும்பாலும் பேட்டரிதான். மின்னேற்றி இணைந்திருக்கும்வரை பேட்டரியின் முனைகளில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். மின்னேற்றியைப் பிரித்து, சைரனை ஒலிக்கவிட்டு அளந்தால்தான் அதன் உண்மையான வலிமை தெரியும். நல்ல நிலையில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓய்விலேயே 12க்குக் கீழே இறங்கியிருந்தால் அதில் மிஞ்சியிருப்பது சொற்பம்.

இரண்டாம் குற்றவாளி, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. கம்பி அறுந்தால் நம் மணி ஒலிக்கும் என்றேன். ஆனால் உறை நசுங்கி இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால் சுற்று என்றென்றும் மூடியே இருக்கும். அப்பால் உள்ள கருவி திறந்தாலும் மணி அறியாது. மூன்றாம் குற்றவாளி, கைப்பேசிக்கு அழைப்பு விடுக்கும் அமைப்பு. அதன் சிம் அட்டையின் கட்டணக்காலம் முடிந்திருக்கலாம். ஊர்க் கோபுரமே மின்சாரமின்றி நின்றிருக்கலாம். அழைக்கப்பட்டவர் திருமண வீட்டில் மேளச் சத்தத்தின் நடுவே இருக்கலாம். ஆகவே கொட்டகையிலும் சைரன் வேண்டும். அழைப்பும் ஒருவருக்கு மட்டுமன்றி மூவருக்குப் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் வெல்லும் வழி ஒன்றே. வாரம் ஒருமுறை மணியை வேண்டுமென்றே ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். காலை குளிர்ந்த வேளையில், ஒருவர் கொட்டகையில் நிற்க, மற்றொருவர் முதன்மை இணைப்பை நிறுத்தட்டும். சைரன் ஒலிக்கிறதா? கைப்பேசி அழைக்கிறதா? ஜெனரேட்டர் எழுகிறதா? பின்பு ஒவ்வொரு உணர்கருவியையும் வெந்நீர்ப் பையால் சூடாக்கி, அதனதன் இடத்திலிருந்தே மணியை ஒலிக்கச் செய்ய வேண்டும். பெட்டியிலுள்ள ‘சோதனை’ப் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்ப்பது போதாது, அது சைரனைச் சோதிக்குமேயன்றிக் கொட்டகைக் கம்பியைச் சோதிக்காது. இன்னொன்று: மும்முனை மின்சாரத்தைத் தொடும் வேலைகள் அனைத்தையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும். மாணவர்கள் அருகில் நின்று பார்த்துக் கற்கலாம், கைவைக்கலாகாது.

வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்டு, எல்லாரும் மௌனமாக இருந்தால் புரிந்துவிட்டது என்று கொள்ளாதே என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று. எழுப்பிக் கேள், எழுதச் சொல், அப்பொழுதுதான் தெரியும். கொட்டகைக்கும் அதே பாடம்தான். ஒலிக்காத மணியைப் பார்த்து “எல்லாம் நலம்” என்று சொல்லும் உரிமை, அண்மையில் அதை ஒலிக்கச் செய்து பார்த்தவருக்கே உண்டு.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கும், அது தேவையற்ற துன்பம் அடையாமல் இருப்பதற்கும் தக்க நடவடிக்கைகள் எல்லாம் எடுக்கவேண்டும் என்று விதிக்கிறது. திறந்த கொட்டகையில் காற்று வராவிட்டால் கோழி நிழல் தேடி நகரும். மூடிய கொட்டகையில் அதற்குப் போக்கிடம் இல்லை. கதவைச் சாத்தியவர்கள் நாம். சாத்தியவர் தூங்கும்போது விழித்திருக்க ஒரு மணி வேண்டும். அந்த மணி விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். உங்களிற் பலர் பண்ணை வீடுகளிலிருந்து வருகிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பெரியவர்களிடம், “நம் மணியைக் கடைசியாக என்று ஒலிக்கச் செய்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். நாளைச் சொல்ல முடியவில்லையென்றால், அன்றே அவர்களோடு கொட்டகைக்குப் போய், சோதித்துப் பார்த்து, அந்நாளைப் பெட்டியின்மேல் எழுதிவிட்டு வாருங்கள்.